வீட்டில் நோயாளியைப் பார்ப்பவருக்கும் கொடுப்பனவு: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கேட்கத் தொடங்குவது எப்படி

படுத்த படுக்கையான தாயை, பக்கவாதம் வந்த கணவனை, தானாக எழும்பி நடக்க முடியாத பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்கள் நம் ஊர்களில் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கிறார்கள். அரசாங்கம் கொடுக்கும் எந்தக் காசும் அவர்கள் பெயருக்கு வருவதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2025இல் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. சிறுநீரக நோயாளருக்கும் அப்படியே. குறைந்த வருமானமுள்ள முதியோருக்கு 3,000 ரூபாய், 5,000 ஆனது. இவையெல்லாம் நோயாளியின் பெயரில் வருபவை. அப்படித்தான் வரவும் வேண்டும். மருந்து, பம்பர்ஸ், கிளினிக்குக்குப் போகும் ஓட்டோ என்று அந்தக் காசு அங்கேயே முடிந்துவிடும். பார்ப்பதற்காகத் தையலை விட்டவருக்கும், கடையைப் பூட்டியவருக்கும், வெளிநாட்டுப் பயணத்தை நிறுத்தியவருக்கும் தனியாக ஒரு சதமும் இல்லை.

நம்முடைய பக்கத்தில் இது பெரும்பாலும் மகளின் தலையில்தான் விழும். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது, மருமகன் அந்த வீட்டுக்கு வருகிறார், தாய் தகப்பன் அதே வளவுக்குள் ஒரு சின்ன வீட்டிலோ குசினிப் பக்கத்து அறையிலோ ஒதுங்கிக்கொள்கிறார்கள். அவர்கள் விழுந்துவிட்டால் அண்ணன் தம்பிமாரின் பேச்சு ஆயத்தமாக இருக்கும்: "வீடு அவளுக்குத்தானே குடுத்த, அவள் பாக்கட்டும்." வீடு இருக்கிறது, உண்மைதான். ஆனால் கூரை ஓட்டைக் கழற்றி உலையில் போட முடியாதே. யுத்தத்தில் காலிழந்தவர்களும் சுனாமியில் உறவுகளை இழந்து தனித்துப் போனவர்களும் இப்போது முதுமைக்குள் வருகிறார்கள். பார்க்க வேண்டியவர்கள் கூடிக்கொண்டுதான் போவார்கள்.

இதற்கு முன் ஒரு மனுக்கூட எழுதியிராத, கூட்டத்தில் எழும்பிப் பேசியிராத ஒருவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில், ஏற்கெனவே உள்ளதை எடுங்கள்

புதிதாகக் கேட்கப் போகும்போது உத்தியோகத்தர் உங்களிடம் முதலில் கேட்பது, "இருக்கிற உதவிக்கு விண்ணப்பித்தீர்களா?" என்பதுதான். அதற்குப் பதில் கையில் இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவுக்குக் கிராம சேவகரையும், பிரதேச செயலகத்தில் இருக்கும் சமூக சேவை உத்தியோகத்தரையும் பாருங்கள்; மருத்துவச் சான்றிதழ் தேவைப்படும். அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவில் பெயர் விடுபட்டிருந்தால் மேன்முறையீட்டுக் காலத்தைத் தவறவிடாதீர்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு வழியும் உண்டு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புச் செலவு கேட்டுப் பெற்றோர் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். பெற்றோரைப் பேணும் கடமையை அந்தச் சட்டம் எல்லாப் பிள்ளைகள் மேலும் வைக்கிறது, வீடு எழுதி வாங்கிய மகள் மேல் மட்டுமல்ல. குடும்பத்துக்குள் பேசித் தீர்க்க முடிந்தால் நல்லது. பேச்சே எடுபடாத இடத்தில் இப்படியொரு சட்டம் இருக்கிறது என்று சொல்வதே சில அண்ணன்மாரைப் பேச வைக்கும்.

யாரால் எதைத் தர முடியும்

புதிதாக இறங்குபவர்கள் களைத்துப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கிராம சேவகரிடம் போய்ப் புதிய கொடுப்பனவு கேட்கிறார்கள். அவரால் அது முடியாது. "பாப்பம்" என்பார். அந்தச் சொல்லை நம்பி மாதங்கள் ஓடும். ஒவ்வொரு மேசையிலும் அந்த மேசையால் தரக்கூடியதை மட்டும் கேளுங்கள்.

கிராம சேவகரால் உங்கள் வீட்டு நிலையை உறுதிப்படுத்திக் கடிதம் தர முடியும். தன் பிரிவில் எந்தெந்த வீட்டில் இப்படிப் பராமரிப்பு நடக்கிறது என்பதும் அவருக்குத் தெரியும். பிரதேச செயலாளரால் ஒரு பதிவேட்டைத் திறக்க முடியும், உங்கள் கோரிக்கையைச் சிபாரிசோடு மேலே அனுப்ப முடியும், பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் போட முடியும். காசை உருவாக்க அவராலும் முடியாது.

2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு மாநகர, நகர, பிரதேச சபைகளில் பெரும்பாலானவை மீண்டும் கூடுகின்றன. உங்கள் வட்டார உறுப்பினர் ஓர் ஆதரவுத் தீர்மானம் கொண்டுவரலாம். தீர்மானத்தால் வங்கிக் கணக்கில் காசு விழாது. ஆனாலும் அமைச்சுக்குப் போகும் கடிதத்தோடு சபைத் தீர்மானத்தின் பிரதியும் போனால், அதை ஒரு வீட்டுப் பிரச்சினை என்று ஒதுக்குவது கடினம். மாகாண மட்டத்தில் கிழக்கு மாகாண சமூக சேவைகள் திணைக்களம் இருக்கிறது. மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்ததிலிருந்து ஆளுநரின் கீழ்தான் நிர்வாகம் நடப்பதால் அவருக்கும் ஒரு பிரதி போக வேண்டும்.

கொடுப்பனவு என்ற ஒன்றை உருவாக்கக்கூடிய இடம் கொழும்பு: அமைச்சு, திறைசேரி, பாராளுமன்றம். அஸ்வெசும 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் நடக்கிறது. பராமரிப்பவருக்கான கொடுப்பனவை அதற்குள் சேர்க்கலாம். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு 5 பாராளுமன்ற உறுப்பினர்கள், அம்பாறைக்கு 7. அவர்கள் எந்தக் கட்சியாக இருந்தாலும் எல்லோரிடமும் போங்கள். ஒருவரிடம் மட்டும் போனால் அது அந்தக் கட்சியின் கதையாகிவிடும், அடுத்த தேர்தலோடு அதற்கும் முடிவு வந்துவிடும்.

ஒரு கொப்பி, ஒரு பேனை

இந்தக் கோரிக்கையின் அடித்தளம் இதுதான். பிற்பாடு நீங்கள் பேசப்போகும் எல்லாம் இந்தக் கொப்பியிலிருந்து வரும்.

பராமரிப்பவர் ஒருவரிடம் "என்ன வேலை செய்றீங்க அக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். "வேல ஒண்டும் இல்ல மகள், சும்மா வீட்டுலதான் இரிக்கன்" என்பார். கணக்கெடுப்புக்கு வருபவரும் அதையே எழுதிக்கொண்டு போவார். ஆகவே வேலை என்று கேட்காதீர்கள். "காலையில எத்தின மணிக்கு எழும்புவீங்க? மறுகா என்ன செய்வீங்க?" என்று தொடங்குங்கள். அப்போது வரும்: நாலரைக்கு எழும்பி அம்மாவைத் திருப்பிப் படுக்க வைத்தது, துணி மாற்றியது, சிறுநீர்ப் பையை வெறுமையாக்கியது, கஞ்சியை வடித்துக் கரண்டியால் பருக்கியது, புரையேறாமல் இருக்க அரை மணித்தியாலம் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு இருந்தது. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்ப வேண்டும், இரவிலும்தான். நடுச்சாமத்து வேலையைக் கட்டாயம் எழுதச் சொல்லுங்கள். அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

இரண்டு கிழமைக்கு எழுதினால் போதும். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம், அல்லது தொலைபேசியில் குரல் பதிவாகச் சொல்லலாம். நேரத்தோடு செலவையும் எழுதுங்கள்: பம்பர்ஸ், கதீட்டர், மருந்து, ஓட்டோக் கூலி. பற்றுச்சீட்டுகளை ஒரு கவருக்குள் போட்டு வையுங்கள். விட்ட வேலையையும் அதில் கிடைத்துக்கொண்டிருந்த வருமானத்தையும் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

பிறகு கணக்குப் பாருங்கள். தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபாயாகவும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 ஆகவும் சட்டத்தால் உயர்த்தப்பட்டது. நாட்கூலியாக 1,200 ரூபாய், எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 150. கொப்பியில் ஒரு நாளுக்கு ஆறு மணித்தியாலம் வந்தால் 900 ரூபாய், 30 நாளுக்கு 27,000. லீவு இல்லை, சேமலாப நிதி இல்லை. இந்தத் தொகை முழுவதையும் கேட்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் கேட்கும் தொகை எவ்வளவு சிறியது என்பதைக் காட்ட இந்தக் கணக்கு மேசையில் இருக்க வேண்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நோயாளியின் படத்தை எடுத்து முகநூலில் போடாதீர்கள். உடுப்பு விலகிய நிலையில், வாயில் குழாயோடு இருக்கும் ஒரு தாயின் படம் நூறு பேரின் கண்ணீரை வாங்கித் தரலாம். அந்தத் தாயிடம் கேட்டா எடுத்தீர்கள்? கொப்பியிலிருந்து வெளியே கொடுக்கும் எதிலும் பெயர், அடையாள அட்டை இலக்கம், நோயின் விபரம் இருக்கக் கூடாது. வயது, கிராம சேவகர் பிரிவு, பராமரிக்கும் மணித்தியாலம் ஆகியவை போதும். நாம் கேட்பது உரிமை. பிச்சைக்குரிய படங்கள் அதற்குத் தேவையில்லை.

மற்றவர்களைக் கண்டுபிடிப்பது

கிளினிக் வரிசையில் தொடங்குங்கள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நிற்பவர்களிடம் பேசுங்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், முதியோர் சங்கம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம், ஊர்க் குடும்ப நல உத்தியோகத்தர் என்று எல்லோருக்கும் நாலு வீடு தெரியும். ஒரு கிராம சேவகர் பிரிவில் பத்துப் பேர் சேர்ந்தாலே நல்ல தொடக்கம்.

கூட்டத்தைப் பின்னேரம் நாலு மணிக்கு மண்டபத்தில் வைத்தால் வரவேண்டியவர்கள் வரமாட்டார்கள். அவர்களால் வீட்டை விட்டு வர முடியாது என்பதுதானே விஷயம். நோயாளி உள்ள ஒரு வீட்டு முற்றத்திலேயே கூடுங்கள், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகாதீர்கள். வருபவரின் வீட்டில் அந்த நேரம் இருக்க ஒருவரை முன்கூட்டியே ஒழுங்கு செய்யுங்கள். படுவான்கரையில் வெல்லாவெளி, வவுணதீவு போன்ற பிரிவுகளில் வீடுகள் தூரத் தூர இருப்பதால் அங்கே வாட்ஸ்அப் குழு நன்றாக உதவும். எழுத்தைவிடக் குரல் பதிவுதான் எடுபடும்.

தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று பிரிந்து நிற்காதீர்கள். ஆரையம்பதியில் தாயைத் திருப்பிப் படுக்க வைப்பவருக்கும் காத்தான்குடியில் வாப்பாவைக் குளிப்பாட்டுபவருக்கும் கோரிக்கை ஒன்றுதான். கல்முனை, காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறைப் பக்கமும் அப்படித்தான். அம்பாறை மாவட்டத்தில் சிங்களக் கிராமத்துத் தாய்மாரும் சேர்ந்து வந்தால் மாவட்டக் கூட்டத்தில் யாராலும் தட்டிக்கழிக்க முடியாது.

மாற்றுத்திறனாளிகளின் சங்கங்களோடு முதலிலேயே பேசிவிடுங்கள். அவர்களுக்கு ஒரு நியாயமான பயம் உண்டு: பராமரிப்பவருக்குக் கொடுக்கிறோம் என்று சொல்லித் தங்கள் கொடுப்பனவில் கைவைத்துவிடுவார்களோ என்று. ஆகவே உங்கள் ஒவ்வொரு கடிதத்திலும் "தற்போதுள்ள கொடுப்பனவுக்கு மேலதிகமாக" என்ற சொற்கள் இருக்க வேண்டும்.

என்ன கேட்பது

மூன்றுக்கு மேல் வேண்டாம். முதலாவது, ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் பராமரிப்பாளர் பதிவேடு. பதிவில் இல்லாதவருக்கு எந்தத் திட்டமும் வராது என்பதால் இதை முதலில் வைக்கிறேன். இரண்டாவது, பராமரிப்பவரின் சொந்த வங்கிக் கணக்குக்கு வரும் மாதக் கொடுப்பனவு. மூன்றாவது, முதுமைக்கான பாதுகாப்பு. 1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபை, அரச ஓய்வூதியம் இல்லாதவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் நடத்துகிறது. பராமரிக்கும் காலத்துக்குரிய பங்களிப்பை அரசாங்கம் கட்ட வேண்டும் என்று கேட்கலாம். தாய்க்குப் பதினைந்து வருடம் பார்த்தவர், தாய் போன பிறகு ஐம்பத்தைந்து வயதில் கையில் ஒன்றுமில்லாமல் நிற்கிறார். அவருக்கும் ஒரு முதுமை வருமே.

வேறு இடங்களில் இது நடந்திருக்கிறது என்று காட்டுங்கள். கேரள அரசு ஆஸ்வாசகிரணம் என்ற திட்டத்தில் படுக்கை நோயாளரைப் பராமரிப்பவருக்கு மாதம் 600 இந்திய ரூபாய் வைத்தது. தொகை மிகக் குறைவுதான், ஆனால் பராமரிப்பவர் என்று ஒருவர் இருப்பதை ஓர் அரசாங்கம் ஏற்றுக்கொண்டுவிட்டது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி பற்றிப் பேசுகிறது.

பிரித்தானியாவின் கதையை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும். மேரி வெப்ஸ்டர் என்ற பெண் மதகுரு பெற்றோரைப் பார்ப்பதற்காகப் பணியை விட்டவர். 1963இல் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். அதே நிலையில் இருந்த பெண்களிடமிருந்து பதில்கள் குவிந்தன. 1965இல் ஓர் அமைப்பு உருவானது. 1976இல் பராமரிப்பாளர் கொடுப்பனவு வந்தபோது திருமணமான பெண்களுக்கு அது இல்லை என்றார்கள், வீட்டில்தானே இருப்பார்கள் என்று. ஜாக்குலின் டிரேக் என்ற பெண் தொடுத்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 1986இல்தான் அந்தத் தடை உடைந்தது. இப்போதும் அங்கே கிழமைக்கு 35 மணித்தியாலமாவது பராமரிக்க வேண்டும். உழைக்கும் வருமானம் ஓர் எல்லையைச் சிறிது தாண்டினாலும் கொடுப்பனவு முழுதாக நின்றுவிடும். தெரியாமல் தாண்டிய பலரிடம் பெருந்தொகை திருப்பிக் கேட்கப்பட்டது.

ஆகவே தொகையைப் போலவே நிபந்தனைகளையும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். திருமணமானவரும் மருமகளும் பேத்தியும் ஆணும் தகுதியுள்ளவர்கள். விடியற்காலையில் இடியப்பம் அவித்து விற்பவர், பாய் இழைப்பவர், கோழி வளர்ப்பவர் அந்தச் சிறு வருமானத்துக்காகக் கொடுப்பனவை இழக்கக் கூடாது.

கடிதமும் தகவல் உரிமையும்

தமிழில் எழுதுங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. அம்பாறைக் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகத்துக்கும்) தமிழில் எழுதித் தமிழில் பதில் கேட்கலாம். ஒரு பக்கம் போதும். பிரதேச செயலாளருக்கு இப்படி எழுதலாம்:

"நீண்டகால நோயாளரையும் மாற்றுத்திறனாளிகளையும் முதியோரையும் ஊதியமின்றி வீட்டில் பராமரிக்கும் நாங்கள் கீழே ஒப்பமிட்டுள்ளோம். எங்கள் பெயர்கள் எந்தப் பதிவிலும் இல்லை. இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்த மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய சமவாயத்தின் 28ஆம் உறுப்புரை, வறுமையில் வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்களது குடும்பங்களுக்கும் நிதியுதவியும் பராமரிப்பிலிருந்து இடைக்கால ஓய்வும் கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. ஆகவே தங்கள் பிரிவில் பராமரிப்பாளர் பதிவேடு ஒன்றைத் திறக்குமாறும், தற்போதுள்ள கொடுப்பனவுக்கு மேலதிகமாகப் பராமரிப்பாளர் கொடுப்பனவு வழங்கும் எங்கள் கோரிக்கையைத் தங்கள் சிபாரிசுடன் அமைச்சுக்கு அனுப்பி, அதன் பிரதியை எங்களுக்குத் தருமாறும் வேண்டுகிறோம்."

பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது கையில் கொடுத்து உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் போய்ச் சேரவில்லை என்று சொல்வது மிக எளிது.

எண்கள் வேண்டுமானால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள்: இந்தப் பிரிவில் மாற்றுத்திறனாளிகள் கொடுப்பனவு பெறுபவர் எத்தனை பேர், காத்திருப்பவர் எத்தனை பேர், நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் எத்தனை, என்ன காரணத்துக்காக? ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் விளக்கத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கும், பிறகு கொழும்பில் உள்ள தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

நேரில் பேசும் நாள்

அமைச்சுகள் அடுத்த வருடச் செலவுக்கான மதிப்பீட்டை ஆண்டின் நடுப்பகுதியில் தயாரிக்கின்றன. வரவுசெலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் பாராளுமன்றத்துக்கு வரும். நவம்பரில் ஓடித் திரிந்து பயனில்லை. யூன், யூலைக்குள் கடிதங்கள் கொழும்பில் இருக்க வேண்டும். பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் மூலம் பொதுமனுவாகவும் சமர்ப்பிக்கலாம். ஒக்டோபர் 29 ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த சர்வதேசப் பராமரிப்பு மற்றும் ஆதரவு நாள். பத்திரிகைக்காரரை அழைக்க அது நல்ல சாட்டு.

பேசுவது பராமரிப்பவராகவே இருக்கட்டும். சங்கத் தலைவரோ ஆங்கிலம் தெரிந்தவரோ வேண்டாம். மூன்று நிமிடம்: என் ஒரு நாள், என் ஒரு மாதச் செலவு, நான் விட்ட வேலை, நாங்கள் கேட்பது. கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் குரல் நடுங்காது. முந்தின நாள் முற்றத்தில் நாலு பேருக்கு முன்னால் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

"பெற்ற தாயைப் பார்க்கவும் காசா?" என்று யாராவது கேட்பார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தும் கேட்பார்கள், சொந்தத்துக்குள்ளிருந்தும் கேட்பார்கள். அது சுடும், ஆகவே பதிலை ஆயத்தமாக வைத்திருங்கள். பாசத்துக்கு யாரும் விலை கேட்கவில்லை. பாசம் இருந்ததால்தான் வேலையை விட்டார். விட்ட வேலையின் சம்பளம் போனது போனதுதான். இதே தாயை வைத்தியசாலைக் கட்டிலில் வைத்திருந்தால் தாதிக்கும் சிற்றூழியருக்கும் சாப்பாட்டுக்கும் அரசாங்கம் செலவழிக்கும். தாதிக்குச் சம்பளம் கொடுப்பதை யாரும் பாசமில்லாத செயல் என்று சொல்வதில்லை. அந்தச் செலவை இப்போது ஒரு மகள் தன் வாழ்க்கையிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டிருக்கிறாள். இதைக் கோபப்படாமல், கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். "நிதி இல்லை" என்றால், "அப்படியானால் பதிவேட்டை இந்த மாதம் திறக்கலாமா சேர்? அதற்குக் காசு தேவையில்லையே" என்று அடுத்த படிக்கு வாருங்கள்.

கூட்டம் முடிந்த அன்றிரவே, அங்கே யார் என்ன ஒப்புக்கொண்டார் என்று ஒரு கடிதம் எழுதி, "நாங்கள் விளங்கிக்கொண்டது சரிதானா என உறுதிப்படுத்தவும்" என்று கேட்டு மறுநாள் பதிவுத் தபாலில் போடுங்கள். பிரதியைக் கடிதக் கோவையில் திகதி வரிசையில் வையுங்கள். கோவையை வைத்திருக்க, பராமரித்த உறவைச் சமீபத்தில் இழந்த ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். அவருக்கு இந்த வேலையின் பாரம் தெரியும், இப்போது வீட்டை விட்டு வெளியே போகவும் முடியும். சங்கத்தை விட்டு அவர் ஒதுங்கிப்போக விட்டுவிடாதீர்கள்.